அஞ்சலாட்சி வீடு திரும்பிய அத்தியாயம்

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று உப்பளம் வட்டாரத்தில் எது நடந்தாலும் அது முதலில் தையல்நாயகியின் கம்ப்யூட்டரில் நடந்துவிடும். கோவிந்தசாமியின் பிளக்ஸ் கடையில் பதினாறு வருடமாக டிசைன் போடுகிறாள். மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் காலை ஒன்பதரைக்கு வந்தால் மாலை ஆறு வரை அந்த நாற்காலிதான்.

நாற்பத்து மூன்று வயதுக்குள் அவள் கையில் மூன்று நாவல்கள் பாதியில் செத்திருந்தன. மூன்றும் நான்காம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. ஐம்பதாவது பக்கம் எழுதும்போது முதல் பக்கத்தில் ஒரு சொல் உறுத்தும். அதைத் திருத்தப் போவாள், பக்கத்துச் சொல்லும் பல்லிளிக்கும், அதோடு சரி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்தவர்களாவது ஒரு குரங்கை முடித்தார்கள். இவளுக்கு அதுவும் இல்லை.

ஆகவே நான்காவது நாவலுக்கு ஒரு சபதம் எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் 'முற்றும்' என்று தட்டும்வரை பின்னால் திரும்பி ஓர் எழுத்தைக்கூடத் தொடுவதில்லை. நொண்டியோ முடமோ, முதல் வரைவு என்று ஒன்று இருந்தால்தானே திருத்துவதற்கு?

மூடிப்போன மில்லை நம்பியிருந்த ஒரு தெருவின் கதை அது. அவளுடைய அப்பாவும் அப்படியொரு மில்லில் இருந்தவர். ஆர்டர் இல்லாத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் இன்னொரு பக்கத்தைத் திறந்து வைத்துத் தட்டுவாள். பெயர் யோசிக்கத்தான் சோம்பேறித்தனம். கதைக்கு ஆள் தேவைப்படும்போதெல்லாம் பழைய கண்ணீர் அஞ்சலி டிசைன்களைத் திறந்து, கண்ணில் படும் பெயரை எடுத்து வைத்துவிடுவாள். உயிரோடு இருக்கிறவன் பெயரை வைத்தால் சண்டைக்கு வருவான். செத்தவர்கள் எங்கே வரப் போகிறார்கள்?

அந்த டிசைன்கள் விஷயத்தில் கோவிந்தசாமிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒருவருக்குப் போட்ட அஞ்சலியை அடுத்தவருக்குப் பயன்படுத்துவது எல்லாக் கடையிலும் நடப்பதுதான். பழைய போட்டோவை எடுத்துவிட்டு பிரேமை அப்படியே சேமித்தால் மட்டும் அவருக்கு ஆகாது.

"காலி பிரேமா வெக்காத தையலு. ஆள் படம் இல்லன்னா ஒரு வெளக்குப் படத்தயாவது போட்டு மூடு. வாயத் தொறந்து வெச்சுகினு இருந்தா அது யாரயாவது கேக்கும்" என்பார்.

நாத்திகக் கட்சிக்குப் பேனர் அடித்துக் கொடுக்கும் மனிதர் இப்படிப் பேசுவது அவளுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனாலும் ஓனர் சொல்லைத் தட்டுவானேன் என்று குத்துவிளக்குப் படத்தைப் போட்டு மூடுவாள்.

முதல் அத்தியாயத்தில் வரும் மில் தொழிலாளிக்குப் பலராமன் என்று பெயர் வைத்தாள். பெயர் மட்டும்தான் ஒரு பழைய பேனரிலிருந்து. மிஷினில் இடதுகைக் கட்டைவிரலை இழந்தவர், அந்தக் கையை எப்போதும் துண்டால் மூடிக்கொள்வார் என்பதெல்லாம் அவளுடைய சொந்தச் சரக்கு. ஒன்பதாம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தபோது ராஜவேல் என்று ஒருவர் வந்தார். அப்பா பலராமனுக்கு நினைவஞ்சலி போட வேண்டுமாம். போனில் புதிதாக ஒரு படம் அனுப்பினார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், இடது கையைத் துண்டால் மூடியிருந்தார்.

"அந்தத் துண்டுக் கையே படத்துல தெரியாம எடுத்துடுங்க மேடம். மில்லுல கட்ட வெரலு பூடுச்சு. யாருக்கும் காட்ட மாட்டாரு" என்றார் ராஜவேல்.

எங்கேயாவது கேள்விப்பட்டது மனதில் தங்கியிருக்கும் என்று தையல்நாயகி தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை. மத்தியானம் சபதத்தை மீறி முதல் அத்தியாயத்துக்குப் போனாள். 'இடது' என்றிருந்ததை 'வலது' என்று மாற்றினாள். ஒரே ஒரு சொல். பிறகு போட்டோவைத் திறந்து பார்த்தாள்.

துண்டு வலது கையில் இருந்தது.

ராஜவேலுக்குப் போன் போட்டாள். "வலதுதான் மேடம். சோறே பீச்சாங்கையாலதான் துன்னுவாரு, பாவம். ஏன் கேக்குறீங்க?" என்றார் அவர். செத்துப்போன மனிதர், அவளால், சாகும்வரை இடது கையால் சாப்பிட்டிருக்கிறார். அதற்குப்பின் பழைய பக்கங்களைத் தொடாமலிருக்க அவளுக்கு சபதம் எதுவும் தேவைப்படவில்லை, பயமே போதுமானதாக இருந்தது.

எழுதுவதை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பவர்கள் ஒரு நாவலையும் பாதியில் விட்டவர்களாக இருக்க மாட்டார்கள். ஒன்பது அத்தியாயம் தாண்டியவளால் அதை விட முடியவில்லை. தட்டிக்கொண்டே போனாள்.

கதாநாயகிக்கு அஞ்சலாட்சி என்று பெயர். அதுவும் ஒரு பேனரிலிருந்து வந்ததுதான். போன வருடம் யாரோ உறவுக்காரர் போனிலேயே படம் அனுப்பி, போனிலேயே ஆர்டர் கொடுத்து, ஆள் வைத்து வாங்கிப் போன அஞ்சலி அது. நல்ல களையான முகம், நெற்றியில் பெரிய பொட்டு. அந்த முகத்துக்காகவே அவளைக் கதாநாயகியாக்கினாள். இருபதாம் அத்தியாயத்தில் கல்லூரிக்குப் போகும் மகள் தோழிகளோடு டூர் போகக் கேட்கிறாள், அஞ்சலாட்சி மறுக்கிறாள், சண்டை. "எங்கனா போய்த் தொல" என்கிறாள் மகள். அஞ்சலாட்சி செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடக்கிறாள். இருபத்தொன்றாம் அத்தியாயத்தில் ஆற்றில் இறங்கிவிடுவாள், முற்றும். அப்படித்தான் திட்டம்.

இருபதை முடித்த மறுநாள் பதினொரு மணிக்கு ஓர் இளம்பெண் வந்தாள். இடுப்பில் நான்கு வயதுப் பெண் குழந்தை. பெயர் சுமலதா, அரியாங்குப்பத்திலிருந்து வருகிறேன் என்றாள்.

"அம்மாவுக்குப் பத்தாவது வருஷம்க்கா. போன வருஷம் இங்கதான் போட்டாங்களாம். மாமாவால வர முடியல, அதான் நானே வந்துட்டேன். பேரு அஞ்சலாட்சி."

தையல்நாயகி பழைய டிசைனைத் திறந்தாள். இறங்கி ஓடிவந்த குழந்தை திரையிலிருந்த முகத்தில் விரலை வைத்து, "ஆயா" என்றது.

"போட்டோல பாத்ததுதான். குழலிக்குத் தெரிஞ்ச ஆயா இந்த போட்டோதான்" என்றாள் சுமலதா. குழந்தையின் பெயர் கார்குழலி.

படத்துக்குக் கீழே வழக்கமாகப் போடும் வரிகள் இருந்தன. 'எங்களைத் தவிக்கவிட்டு ஏன் பிரிந்தாய் அம்மா.' சுமலதா அதை வாய்க்குள் படித்தாள். பிறகு, "அக்கா, அந்த 'ஏன்' மட்டும் வேணாம்க்கா. எடுத்துடுங்க" என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

காரணத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் தையல்நாயகிக்குத் தெரிந்திருந்ததுதான் கொடுமை. சுமலதாவே சொன்னாள்.

"அன்னிக்கு டூருக்கு அனுப்ப மாட்டேன்னாங்க. எங்கனா போய்த் தொலன்னு சொல்லிட்டேன்க்கா. செருப்ப மாட்டிகினு போனாங்க. மூணாம் நாளு ஆத்துலதான் கெடச்சாங்க. வழுக்கி வுழுந்தாங்களா, அவங்களா எறங்குனாங்களா, பாத்தவங்க யாரும் இல்ல. பத்து வருஷமா தெனம் காலைல எழுந்தா அதுதான் மொதல்ல நெனப்பு வருது. அந்த வார்த்தைய நான் சொல்லாம இருந்திருந்தா..."

நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மத்தியானம் தையல்நாயகி சாப்பாட்டை விட்டுவிட்டு நாவலைத் திறந்தாள். இன்னும் ஓர் அத்தியாயம் பாக்கி. அஞ்சலாட்சி தானாக இறங்கினாள் என்று எழுதினால் அந்தப் பெண் ஆயுசுக்கும் கொலைகாரியாகிவிடுவாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கட்டைவிரலை இடம் மாற்ற முடிந்த கைக்கு ஓர் உயிரைக் கரையேற்ற முடியாதா? கண்ணகியும் சாவித்திரியும் தங்கள் கணவனுக்காகப் போராடினார்கள், நான் இன்னொருத்திக்காகத்தானே செய்கிறேன் என்று பெரிய நினைப்புகூட வந்தது. அந்த நினைப்பை அவளால் பின்னாளில் மன்னிக்க முடியவில்லை.

உட்கார்ந்து ஒரே மூச்சில் தட்டினாள். அஞ்சலாட்சி கரையில் சற்று நேரம் நின்றாள். பிறகு திரும்பி, வந்த வழியே நடந்து, வீடு போய்ச் சேர்ந்தாள். முற்றும்.

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நாவலுக்கு அந்தச் சொல்லைத் தட்டிய சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்தது. அதே சந்தோஷத்தில் பேனரைத் திறந்து அஞ்சலாட்சியின் படத்தை எடுத்தாள், பெயரை அழித்தாள், சேமித்தாள், வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். விளக்குப் படம் போட மறந்துபோனது.

மறுநாள் காலை கடைக்கு முதல் ஆளாக ஒரு பெண்மணி வந்தாள். முன்முடி நரைத்து, மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். பொட்டு மட்டும் அதே அளவு. தையல்நாயகி எழுந்தே நின்றுவிட்டாள். பிரேமுக்குள் பார்த்த முகம், பத்து வயது கூடி, மஞ்சள் பையோடு வாசலில் நின்றது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"வாங்க, வாங்கம்மா. ஒக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பக்கத்துக் கடையில் டீ சொன்னாள்.

"சக்கர கம்மியாப் போடச் சொல்லும்மா" என்ற அஞ்சலாட்சி, பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எம் பொண்ணு. பத்தாவது வருஷம்."

படத்தில் இருந்தது சுமலதா. பதினெட்டு வயது, கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த முகம்.

தையல்நாயகி முந்தின நாள் காலியாக விட்டுப்போன டிசைனைத் திறந்தாள். பெயரையும் படத்தையும் எடுத்தவள் தேதியை எடுக்கவில்லை. மறைவு என்ற சொல்லுக்கு எதிரே அதே நாள் அப்படியே காத்திருந்தது.

"எப்படிம்மா?" என்று கேட்டாள்.

"அன்னிக்கு எங்கனா போய்த் தொலன்னு சொன்னா. கோவத்துல சொல்ற புள்ளய இன்னா பண்றது? எனக்கு மனசுல ஒண்ணுமே இல்லம்மா, சிரிப்புதான் வந்துச்சு. ராத்திரிக்கு எறா தொக்கு பண்ணிட்டா சரியாப் பூடும்னு படகு வர்ற எடத்துக்குப் போனேன். அவளுக்கு எறான்னா உசுரு. படகு வர நேரமாச்சு, திரும்பி வந்துட்டேன். வந்தா வூட்டுல ஆள் இல்ல. என்னத் தேடிகினு குறுக்கு வழில ஆத்தங்கரைக்கு ஓடியிருக்கா. பாசி புடிச்ச படி..."

புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். டீ வந்தது. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

தையல்நாயகி நாவலைத் திறந்தாள். இரண்டு பேரும்தான் வீட்டுக்கு வந்தால் என்ன? எழுதுகிறவள் கஞ்சத்தனம் படுவானேன்? 'முற்றும்' என்பதை அழித்துவிட்டு, 'தேடிப் போன மகளும் பத்திரமாக வீடு திரும்பினாள்' என்று சேர்த்தாள். பேனரைப் பார்த்தாள்.

பிரேமுக்குள் கார்குழலி சிரித்துக்கொண்டிருந்தாள். மறைவுக்கு எதிரே போன வருடத் தேதி இருந்தது.

"மால போட்ட மாதிரி வேணாம்மா. சின்னப் புள்ள, பாக்க சகிக்காது" என்றாள் அஞ்சலாட்சி, டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதே ஆத்துப் படியில புள்ளயப் பறிகுடுத்ததுலேந்து சுமலதா வூட்டுல படுத்த படுக்கையாக் கெடக்குறா. அவளால வர முடியல."

தையல்நாயகி சேர்த்த வரியை விரல் நோக அழித்தாள். குழந்தை மறைந்து பதினெட்டு வயது சுமலதா பிரேமுக்குள் வந்தாள். கோவிந்தசாமி சொன்னது இப்போதுதான் உறைத்தது. பிரேம் வாயைத் திறந்துவிட்டது, விளக்கையெல்லாம் அது இனி ஏற்காது. அந்த ஆற்றங்கரையில் அந்த வீட்டு ஆள் ஒருவர் அதற்கு வேண்டும். யார் என்பதை மட்டும்தான் அவள் எழுத முடியும்.

எதிரே ஒரு தாய் டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்குறேன். தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த நாளு திரும்பி வந்து, ஏதாவது ஒண்ண மட்டும் மாத்தலாம்னா..."

அஞ்சலாட்சி முடிக்க விடவில்லை. "நான் திரும்பி வந்திருக்கக் கூடாதும்மா. அந்தப் படியில நான் வுழுந்திருக்கணும். அவ ஒரு கல்யாணத்தப் பண்ணிகினு, ஒரு புள்ளயப் பெத்துகினு இருந்திருப்பா."

"நெஜமாவா சொல்றீங்க?"

"பெத்தவகிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றாள் அஞ்சலாட்சி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

தையல்நாயகி இருபத்தொன்றாம் அத்தியாயத்தை அழித்துவிட்டு, அழுதுகொண்டே புதிதாகத் தட்டினாள். ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்து அவள் வாங்கித் தந்த டீயைக் குடிக்கிற பெண்ணை அவள் கொன்றுகொண்டிருந்தாள். அதற்கு வேறு பெயர் வைக்க அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் இந்த முறை அவசரப்படவில்லை. அஞ்சலாட்சி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் உள்ளே வைத்தாள். மகள் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே கிளம்பியது, எறா வாங்கக் கரைக்குப் போனது, படகு வரும்வரை காத்திருந்தது. படகில் ஓர் ஆளையும் வைத்தாள். பார்த்தவன் என்று ஒருவன் வேண்டும். அவனிடம் அஞ்சலாட்சியைப் பேசவைத்தாள். எறாப் பையை வாங்கித் திரும்பும்போது பாசிப் படியில் கால் வழுக்கியது. படகுக்காரன் குதித்தான், கைக்கு எட்டவில்லை. அன்று சாயங்காலமே அவன் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்ததையும் கேட்டதையும் மகளிடம் சொன்னான்.

முற்றும்.

நிமிர்ந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது. மேஜைமேல் டம்ளரில் பாதி டீ, இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் பை இல்லை. பிரேமுக்குள் பெரிய பொட்டோடு அஞ்சலாட்சி, பத்து வருடத்துக்கு முந்தின முகத்தோடு.

பின்னால் மிஷின் அறையிலிருந்து கோவிந்தசாமி வந்தார். "டீ யாருக்கு வாங்குன தையலு? ஆளே காணும்?"

"ஒரு கஸ்டமருண்ணா. போயிட்டாங்க" என்றாள். டம்ளரை எடுத்துக் கழுவ மனம் வரவில்லை, ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

பதினொரு மணிக்கு சுமலதா வந்தாள். இடுப்பிலிருந்து இறங்கிய கார்குழலி நேராக ஓடிவந்து கீபோர்டில் கையை வைக்கப் போனாள். நாவல் திறந்தே கிடந்தது. தையல்நாயகி கீபோர்டை வெடுக்கென்று பிடுங்கிய வேகத்தில் குழந்தை பயந்து அழுதுவிட்டது.

"மன்னிச்சுக்கம்மா. அதத் தொடக் கூடாது. யாருமே தொடக் கூடாது" என்று குழந்தையைத் தூக்கிச் சமாதானம் செய்தாள். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வரி இரண்டு முறை வந்திருக்கிறது, பத்தாம் அத்தியாயத்தில் ஒரு வேட்டி பாதியில் லுங்கியாகிறது. எல்லாம் அவளுக்குத் தெரியும். எதையும் தொடப் போவதில்லை. இரண்டாம் வரைவு இல்லாத நாவலை யார் அச்சுப் போடுவார்கள் என்று இப்போது கேட்டால் சிரிப்பாள்.

சுமலதா பேனரைப் படித்தாள். 'எங்களைத் தவிக்கவிட்டு ஏன் பிரிந்தாய் அம்மா.'

"இந்த 'ஏன்' இருக்கலாமா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"இருக்கட்டும்க்கா. அழகாத்தான இருக்கு. ஏன் கேக்குறீங்க?" என்றாள் சுமலதா. "அன்னிக்கு நான் சண்ட போட்டேன்னு எனக்கு எறா வாங்கப் போனாங்க. எம் பொண்ணுக்கு எறான்னா உசுருன்னு சிரிச்சுகினே சொன்னாங்களாம். படகுக்காரர் வந்து சொன்னாரு. அது ஒண்ணுதான்க்கா எனக்கு ஆறுதல். இன்னிய வரைக்கும் எங்க வூட்டுல எறா வாங்குறதில்ல, அவ்ளோதான்."

சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள்.

"இருந்திருந்தா இப்ப எப்படி இருந்திருப்பாங்கன்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன்க்கா. முகமே வர மாட்டேங்குது."

தையல்நாயகி ஓரமாக இருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"முன்முடி நரைச்சிருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பாங்க. பொட்டு மட்டும் இதே பெருசுதான். டீ குடுத்தா ரெண்டு கையாலயும் புடிச்சுகினு, சக்கர கம்மியாக் கேப்பாங்க."

"நேர்ல பாத்த மாதிரியே சொல்றீங்களேக்கா" என்று சிரித்தாள் சுமலதா.